கண்டக்டர் பிடித்த இடம்

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவரைத் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "இந்தக் கைக்குட்டை எந்த ஸ்டாப்ல இறங்குது?" என்று கேட்டு, இரண்டு விரலால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நிற்கிறவர்களில் ஒருவரை உட்காரவைத்த பிறகுதான் விசில் ஊதுவார்.

ஓய்வு பெற்ற எட்டாம் மாதம் அவரே கைக்குட்டையாகிப் போனார்.

சனிக்கிழமை காலை சூப்பர் மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது. மனைவி உள்ளே நுழைந்ததும் ஒரு உப்புப் பாக்கெட்டை டிராலியில் போட்டு, பில் வரிசையில் அவரை நிறுத்திவிட்டு, கூடையோடு மறைந்துவிடுவாள். வரிசை நகர்ந்து முடிவதற்குள் சாமான் எல்லாம் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

போன வாரம் பின்னால் நர்ஸ் உடையில் நின்ற ஒரு பெண் டிராலியை எட்டிப் பார்த்தாள்.

"உப்பு ஒண்ணுதானா சார்?"

"மிச்சம் வந்துகிட்டே இருக்கும்மா."

"நடந்தா வருது?"

கண்டக்டருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அவளை முன்னே விட்டார். அடுத்தவரையும் விட்டார். மனைவி மூச்சிரைக்க வந்தபோது அவர் வரிசையின் வாலில் இருந்தார்.

இந்த வாரம் வாசலிலேயே உத்தரவு பிறந்தது. "நீங்க நிக்க லாயக்கில்ல. நான் நிக்கிறேன், நீங்க போய் எடுத்துட்டு வாங்க. இன்னிக்கும் சொதப்பினீங்க, அடுத்த வாரத்துலேருந்து என் தங்கச்சி வருவா. நீங்க வீட்ல உக்காந்து குக்கர் விசிலை எண்ணுங்க."

வெறும் மிரட்டலாகத் தெரியவில்லை. வாரத்தில் அவர் இஸ்திரி போட்ட சட்டை உடுத்துகிற ஒரே காலை அது. கூட்டத்தின் வியர்வை வாடை பட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

சாமான் சீட்டை விரலிடுக்கில் செருகிக்கொண்டு டிராலியோடு கிளம்பினார். அரிசி மூட்டைக்குக் குறுக்கே குடும்பத்தோடு நின்று கதை பேசியவர்களிடம், "கொஞ்சம் உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்றார். ஏன் என்று கேட்காமலே நகர்ந்தார்கள். கனமானது அடியில், சோப்பு தனியே, முட்டை குழந்தை மாதிரி முன் தட்டில். பன்னிரண்டே நிமிடத்தில் சீட்டு முடிந்தது.

திரும்பி வந்தால், மனைவி கவுன்டருக்கு முன்னால் நின்று உப்புப் பாக்கெட்டை ஆட்டிக் கூப்பிடுகிறாள். நடுவில் பதினோரு பேர். பதினோரு பேரும் அவரையே பார்ப்பதாகப் பட்டது. தங்கச்சியும் குக்கரும் கண்ணில் வந்து போனார்கள். டிராலியை இரண்டடி தள்ளிப் பார்த்தார். கால் வரவில்லை. திருப்பிக்கொண்டுபோய் வரிசையின் கடைசியில் நின்றார்.

"உப்பு மட்டுமாம்மா?" என்றாள் பில் போடுகிற பெண்.

"மிச்சம் அதோ, கடைசில நிக்குது. மீசை வெச்சிருக்கு பாரு."

சிரித்தவர்களையெல்லாம் கடந்து, உப்போடு அவள் வந்தாள். வசவுக்குத் தயாராகக் கண்டக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவளோ டிராலிக்குள் குனிந்தாள். சீட்டைப் பிடுங்கி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். முட்டை அட்டையைத் திறந்து மூடினாள்.

"ஒண்ணுகூட விடல," என்றாள், குற்றம் சாட்டுகிற குரலில். "தங்கச்சின்னா முட்டை மேல சோப்பை வெப்பா."

"அப்ப அடுத்த வாரம்?"

"உங்களையேதான் கட்டிக்கிட்டு அழணும். ரெண்டு பேரும் சேர்ந்தே எடுப்போம், சேர்ந்தே நிப்போம்."

அவள் வருவதற்கு முன்பே அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றிருந்தார். கண்டக்டர் அவரையும், நடுவில் புகுந்து நிற்கிற மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்ல, அவரு உனக்கு முன்னாடியே..."

"வாயத் திறந்தீங்கன்னா தங்கச்சிக்கு போன் போட்ருவேன்."

கண்டக்டர் பெரியவரைப் பார்த்து ஓர் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, டிராலியை அரையடி முன்னே தள்ளினார்.