மட்டக்கம்புக்கு அடங்கிய முட்செடி

எங்கள் வீட்டு முட்செடியின் உயரம் சரியாக அப்பாவின் இடுப்பளவு. மூன்று வருடங்களாக அதே அளவுதான். மேல்பக்கம் மேசை மாதிரித் தட்டை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால்கூடச் சரியாது. இதற்காகவா நான் அதை நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் குத்து வாங்கியபடி கொண்டுவந்தேன்?

அங்கே செடி விற்கும் இடத்தில் அதைப் பார்த்தபோது, இலையே தெரியாத அளவுக்குச் செம்மஞ்சள் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும், காய் மாதக்கணக்கில் உதிராது என்றார் விற்றவர். பெயர் பைரகாந்தா. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒருநாள்கூட நிலைக்கவில்லை. எல்லோருக்கும் அது "முள்ளு".

வீடு இருப்பது கண்டியில், ஹந்தானை மலைச் சரிவில். முற்றம் முடிகிற இடத்தில் நிலம் ஓராள் உயரத்துக்குச் செங்குத்தாக இறங்கும். கீழே அடுத்த வீட்டின் பின்வளவு. அந்த விளிம்பில்தான் நட்டேன்.

முதல் வருடம் பூக்கவில்லை. சாம்பல் போட்டேன், மாட்டெரு போட்டேன், வாழைப்பழத் தோலைக்கூட விடவில்லை. இரண்டாம் வருடமும் பூக்கவில்லை. கண்டி வெயிலைக் குறை சொன்னேன். கொப்பி ஒன்று போட்டு மழை பெய்த நாள்களைக் குறித்தேன். கடைசியில் போனில் தேடி வாசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. போன வருடம் வளர்ந்த வாதில், அந்தப் பழைய கிளையில்தான், இந்தச் செடி பூக்கும். புதிதாக வருவதையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தால் பூக்க வாதே மிஞ்சாது.

வெட்டுவது யார் என்று துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா இப்போது டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். அதற்கு முன் பதினெட்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் செடிகளை நறுக்கிவிடும் கவ்வாத்து வேலை பார்த்தவர். தோட்டத்தை விட்டு வந்தும் கத்தியை விடவில்லை. கொழுந்து பறிக்கும்போது செடிமேல் வைத்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் இரண்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிடுவார்.

"அப்பா, இது தேயில இல்ல."

"எனக்கு கண்ணு தெரியாதா? எந்தச் செடியா இருந்தாலும் வெட்டுனாத்தானே தழைக்கும்."

"தழைக்க வேணாம். காய்க்கணும்."

"காய்ச்சா? கறி வைக்கப் போறியா?"

அம்மா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தது என் தவறு. துணி காயப்போடும்போது அவருடைய இரண்டு சேலைகளை அந்த முள் கிழித்திருந்தது.

"வார பொங்கல் வரைக்கும் பாப்பேன்," என்றார். "ஒரு காயாவது வரல்லன்னா தோண்டி வீசிட்டு கறிவேப்பில வைப்பேன். ரசத்துக்கு நாலு இலையாவது கிள்ளலாம்."

அப்பாவிடம் வாக்கு வாங்கினேன். பொங்கல் வரை கத்தி படாது என்றார். ஏழு மாதம் சொன்னபடியே இருந்தார். ஞாயிறுகளில் செடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். வாதுகள் கன்னாபின்னாவென்று நீண்டன. நான் பூரித்துப்போய், நாவலப்பிட்டியில் சித்தி வீட்டுக்கு இரண்டு வாரம் போனேன்.

திரும்பி வந்தேன். இடுப்பளவு. தட்டை.

"கை வைக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்தான். நீ போனதும் அது பூக்க ஆரம்பிச்சிடுச்சு, புள்ள. மேல பூரா வெள்ள வெள்ளயா. அதான் ஒடனே வெட்டிட்டேன்."

எனக்குப் பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு சொன்னார். தேயிலை மலையில் செடி பூத்தால் அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று அர்த்தமாம். பூத்த மலையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்களாம். "நம்ம வாசல்ல அப்பிடி நின்னா பாக்குறவங்க என்னா நெனப்பாங்க?"

மூன்று வருடம் நான் காத்திருந்த பூவை என் மானம் காக்க வெட்டியிருக்கிறார்.

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் அம்மா மண்வெட்டியோடு வந்தார். கறிவேப்பிலைக் கன்றும் தயாராக இருந்தது. முதல் வெட்டு விழுந்ததும் கீழ் வளவிலிருந்து குரல் வந்தது. அடுத்த வீட்டு ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன்.

"என்னத்துக்கு வெட்டுறீங்க? இவ்வளவு வடிவா காய்ச்சீக்கிற செடிய."

"எங்க காய்ச்சிருக்கு?"

"எங்கட பக்கம் வந்து பாருங்களேன். நான் நெனச்சேன் மேலயும் இப்பிடித்தான் ஈக்கும்னு."

அம்மா, அப்பா, நான் மூவரும் சுற்றிக்கொண்டு இறங்கினோம். அப்பாவின் கை எட்டாத சரிவில், மூன்று வருடமாகக் கத்தி காணாத வாதுகள் ராத்தாவின் தண்ணீர்த் தாங்கி வரை தொங்கின. ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள். அம்மா மண்வெட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார். கறிவேப்பிலை கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போயிற்று.

அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "பாத்தியா? மேல ஒழுங்கா கவ்வாத்து விழுந்ததாலதான் கீழ இப்பிடி காய்ச்சிருக்கு."

இப்போது என் செடியின் காயைப் பார்க்க நான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் அதே பச்சை மேசைதான்.

அடுத்த ஞாயிறு, கதவுக்குப் பின்னால் மட்டக்கம்பைக் காணவில்லை. அப்பா படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"அவங்க பக்கம் ரொம்ப காடா கெடக்கு. ஒரு கை பாத்துட்டு வாறேன்."

செருப்பைக்கூடத் தேடாமல் விளிம்புக்கு ஓடினேன். "ராத்தா, அப்பா வாறாரு. கேட்டத் தொறக்காதீங்க."