மடத்துக்குளத்திலிருந்து பச்சை கேட் வரை

அணை, அருவி, கோயில் என்றுதான் இதுவரை இங்கே எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை போன இடத்தில் சுற்றிப் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் அங்கே போகவேண்டியவராக இருக்கலாம், இல்லை உங்கள் பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கலாம். தங்கமணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் பெயரையும் குழந்தை பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

தங்கமணி எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கல்யாணமாகி ஏழு வருடமாகத் திருப்பூரில் இருக்கிறாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போன மே மாதம், பள்ளி லீவுக்கு, ஆறு வயது மகள் யாழினியோடு மடத்துக்குளத்துக்கு வந்திருந்தாள். கம்பெனிக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வது இங்கே சாதாரணம். அவளோ ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். "இந்த வெயில்ல எதுக்கு கண்ணு?" என்றேன். "பழகிருச்சுங்க்கா" என்றாள். நானும் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வந்தபோதும் இப்படித்தான் விட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை குழாயடியில் குடம் தூக்கும்போது கைப்பித்தான் கழன்று சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்கு மேலே நீலமும் பச்சையுமாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே பஸ் ஏறி அவள் புருஷன் காலை ஒடித்திருப்பேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போலீஸ், ஆபீஸுன்னு படியேறுனா, புள்ளைய கவர்மென்டு ஹோம்ல போட்டுருவாங்கன்னு அவரு சொல்லியிருக்காருங்க்கா." அந்த ஒரு பயத்தில்தான் மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

பஸ்ஸில் ஒட்டியிருக்குமே, மூன்று இலக்கப் பெண்கள் உதவி எண், அதைக் கூப்பிட்டேன். திருப்பூரில் அடிபட்ட பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, குழந்தையோடு நேரே வரலாம், வர முடியாவிட்டால் வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். "போய்க் கேப்போம். பிடிக்கலைன்னா அடுத்த பஸ்ல திரும்பிரலாம்" என்று தங்கமணிக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

புதன்கிழமை காலை 9.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 15 கிலோமீட்டர், 9.45க்கு உடுமலை. அங்கிருந்து 10.05க்குத் திருப்பூர் பஸ், தலைக்கு 48 ரூபாய், யாழினிக்கு அரை டிக்கெட். வழியெல்லாம் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே வந்த யாழினி பல்லடம் தாண்டியதும் தூங்கிவிட்டாள். தங்கமணியோ பிள்ளையின் பாவாடை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்தபடி வந்தாள். திருப்பூர் பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டாம், கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்குங்கள். நாங்கள் இறங்கியபோது 11.50.

ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னதும் மனுஷன் மறுகேள்வி கேட்கவில்லை. அறுபது ரூபாய் என்றார். ஒரு பேக்கரி ஓரமாக நிறுத்தினார். "கேட்டு முன்னால நிறுத்துனா நாலு பேரு பாப்பாங்க. அந்தப் பச்சை கேட்டுத்தானுங்க, நடந்து போயிருங்க." திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். முகவரியை நானும் இங்கே எழுதப் போவதில்லை. உள்ளே இருக்கிறவர்களைத் தேடிக்கொண்டு வருகிறவர்களும் இதைப் படிக்கலாம் அல்லவா.

உள்ளே ஒரு மேஜை, நாலு நாற்காலி, மூலையில் பொம்மைக் கூடை. யாழினி நேரே அதனிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆலோசகர் அம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவர் தங்கமணியிடம் கேட்டதற்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்களே" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. தங்கமணி என் முந்தானையை விடவில்லை. "சரி, இருங்க. ஆனா அவங்கதான் பேசோணும்" என்றார் ஆலோசகர். வாயை மூடிக்கொண்டேன். இந்தப் பயணத்திலேயே எனக்குக் கஷ்டமான காரியம் அதுதான்.

அவளுக்கோ பேச்சே வரவில்லை. ஆலோசகர் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். மருத்துவப் பரிசோதனைக்கான தாள், அதில் ஒரு உருவம் முன்னும் பின்னுமாக வரைந்திருந்தது. "சொல்ல வேண்டாமுங்க. எங்கெங்கன்னு காட்டுனாப் போதும்."

தங்கமணி பேனாவை எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து, சின்னச் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் உள்ள அட்டையை எடுத்தாள். செக்கிங் டேபிளில் பனியனில் ஓட்டை, கறை, விட்ட தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு அம்பு ஒட்டுவார்கள். வாய் திறக்கத் தேவையில்லை, பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். அவள் உருவத்தின் இடது கையில் ஒன்று ஒட்டினாள். தோளில் ஒன்று. காதோரம். முதுகுப் பக்கப் படத்தில் மூன்று. வேலை செய்கிற அதே வேகம், அதே சுத்தம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன்.

ஆலோசகர் ஒவ்வொரு அம்பாகத் தொட்டு, "இது எப்பங்க?" என்று கேட்டார். "பொங்கலுக்கு முன்னாடி." "இது?" "போன வாரமுங்க." ஒரு வார்த்தை ரெண்டாகி, ரெண்டு பத்தாகி, பேச்சு வந்துவிட்டது. நான் பொங்கலுக்குப் பார்த்தும் கேட்காமல் விட்டதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "கண்டும் விட்டா செக்கர் தப்புங்க்கா" என்று, அத்தனை அழுகையிலும், சிரித்தாள்.

கடைசியாக ஒரு அம்பு எங்கேயும் ஒட்டாமல் அவள் விரல் நுனியில் நின்றது. "பாப்பாவ எங்கிட்ட இருந்து எடுத்துருவீங்ளா?"

"இல்லீங்க. நீங்க தங்குற வரைக்கும் பாப்பா உங்க கட்டில்லதான் தூங்குவா."

"அவரு அப்படிச் சொன்னாருங்க."

"அவரு சொல்றது சட்டமில்லீங்க தங்கமணி." தங்கமணி அந்த அம்பைத் திரும்ப அட்டையிலேயே ஒட்டினாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பாடு, தங்கல், வைத்தியம், வக்கீல் எதற்கும் காசு கிடையாது. ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருக்கும். ஆதார் கையில் இல்லை என்று தயங்காதீர்கள், உயிரோடு வந்து சேர்ந்தால் போதும், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாலு நாள் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள், குழந்தைக்குப் பிடித்த பொருள் ஒன்றும். துணைக்குப் போகிறவர்கள் என்னைப் போல் வாயாடாதீர்கள். எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். தங்கமணி அரசு ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் போக வேண்டியிருந்தது. அவள் புருஷன் கிட்டே வரக்கூடாது என்று பாதுகாப்பு அலுவலர் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார், வாய்தா இன்னும் நடக்கிறது. எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போவது என்பதும் முடிவாகவில்லை.

ஐந்தாம் நாள் அவளைக் கூட்டிவரப் போனேன். மதியம் 2.15 பஸ். சட்டையைக் காணோம், பைக்குள் மடித்து வைத்திருந்தாள். மஞ்சளாக மங்கிய அடித்தடத்தோடு கை ஜன்னலில் கிடந்தது. பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் அதையே பார்த்தார். அவரும் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். என்ன பார்வை இது என்று நான் சண்டைக்குத் தயாரானேன்.

தங்கமணி முந்திக்கொண்டாள். "ஊட்டுக்காரரு அடிச்சதுங்க. கேஸ் குடுத்திருக்கறேன்."

அந்தப் பெண் சட்டென்று வெளியே பார்த்தார். பல்லடம் வந்தது, போனது. அப்புறம் தன் கைப்பித்தானைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு எந்த ஸ்டாப்புல எறங்கோணுங்க?"

தங்கமணி யாழினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலை ஒட்டி ஒதுங்கினாள். "இங்க உக்காருங்க, சொல்றேன்."