பல்லி விழுந்த படமும் என் டிக்கெட் கவுன்டரும்

சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலையில், படம் எடுத்தவனுக்கு வரவேண்டிய திட்டும் கவுன்டருக்குத்தான் வரும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. என்னைப்போல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதை கேட்க வந்தவர்கள்

இரண்டு வருஷம் முன்னால் சினிமாக்காரர்கள் இரண்டு பேர் எங்கள் தியேட்டருக்கு வந்தார்கள். கூலிக்குக் கொலை செய்கிறவன் சொந்த ஊரான காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வருகிற சிரிப்புப் படம் எடுக்கப் போகிறார்களாம். டீ வாங்கிக் கொடுத்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கள் தெரு ஏகாம்பரம் அதே தொழில்தான். அப்போது ஜெயிலில் இருந்தார். அதற்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம், ஒரு ஆளைத் தீர்க்கக் கத்தியோடு போய் அந்த ஆள் வீட்டு வாசலில் நின்றபோது, ஏகாம்பரம் தோளில் பல்லி விழுந்தது. வந்த காரியத்தை விட்டுவிட்டு நேராகப் பெருமாள் கோயிலுக்குப் போய், பல்லி விழுந்த தோஷம் போகத் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பினார். அதற்குள் அந்த ஆள் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிவிட்டார். தெருவுக்கே தெரிந்தாலும் யாரும் வெளியில் பேசாத சங்கதி. நான் பேசிவிட்டேன். வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "இதெல்லாம் ரூம் போட்டு யோசிச்சாலும் வராதும்மா."

நாடா தெரியாத நாயகன்

படம் வந்தது. பல்லியும் கோயிலும் பஸ்ஸும் அப்படியே இருந்தன. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு நெசவுக்காரர் மட்டும் இடைவேளையில் சண்டைக்கு வந்தார். கதாநாயகன் தறியில் உட்கார்ந்து, ஊடுநூல் ஓடுகிற நாடாவைத் தள்ளி நெய்கிற மாதிரி ஒரு காட்சி. "கொலையெல்லாம் சுத்தமா பண்றான், ஒரு நாடா தள்ளத் தெரியலியேம்மா. இவனை எப்படி நம்ம ஊர்க்காரன்னு நம்பறது?"

பெற்றவள் தீர்ப்பு

இரண்டாவது வாரம் ஏகாம்பரம் விடுதலையாகி வந்தார். வந்த மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேட்னிக்கு வந்து நின்றார். வேறு படத்துக்குப் போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். எங்கள் தியேட்டரில் திரை ஒன்றுதான்.

படம் விட்டதும் அவர் யாரையும் பார்க்காமல் போனார். அந்த அம்மா மட்டும் என்னிடம் நின்று சொன்னார்: "பல்லி உழுந்தா கோயிலுக்குப் போவாம வேற எங்கம்மா போவான்? பெத்தவ நல்லா வளத்துக்கிறா."

விசாரணை

அடுத்த நாள் காலை, கவுன்டர் திறக்கும் முன்பே ஏகாம்பரம் வந்து நின்றார். "யக்கா, சினிமாக்காரனுங்க இங்கதான் குந்திக்கினு கத கேட்டாங்களாமே. எவன்க்கா சொன்னது?"

டிக்கெட் கட்டு கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கிற நேரத்தில் யோசித்ததுதான். நிமிர்ந்து, "எங்க வீட்டுக்காரர்தான்பா" என்றேன். அவர் போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். சினிமாக்காரர்கள் வந்த அன்று ஐயம்பேட்டையில் கல்யாணப் பந்தியில் இருந்தார், பாவம்.

செத்த விவரத்தையும் சொன்னேன். ஏகாம்பரம் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "நல்ல மனுசன்க்கா. முந்திக்கினாரு."

இருந்தவரை, "உன் வாய்க்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், போன பிறகு முழுசாக ஏற்றுக்கொண்டார்.