தரைப்பாலத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பதியில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்குச் சொந்த ஊர் ஆரணி, தெலுங்கு வராது. ஹாஸ்டலில் மற்ற பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன்.

அந்தத் தனிமையில்தான் ஓர் ஆப் செய்ய ஆரம்பித்தேன். ஓர் இடத்தில் நின்று குறிப்பு எழுதிவைத்தால், பிறகு அதே இடத்துக்கு வருகிறவர்களின் போனில் மட்டும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் புத்தூர், நகரி, விஜயபுரம் என்று சுற்றி, நின்ற இடத்திலெல்லாம் எதையாவது எழுதினேன். நகரி பஸ் ஸ்டாண்டில் ஆப்பைப் பற்றி என் போன் நம்பரோடு ஒரு நோட்டீஸும் ஒட்டினேன். மாதக்கணக்கில் ஒருவரும் சீண்டவில்லை. எல்லாம் நானே எழுதி நானே படித்தவை.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டுக் குறிப்பை யாரோ படித்ததாகப் போன் காட்டியது. சற்று நேரத்தில், விஜயபுரம் போகும் வழியில் தரைப்பாலத்தருகே எழுதியதையும் அதே ஆள் படித்திருந்தார். சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை, தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினார். "தரைப்பாலத்துக்கிட்ட எழுதி வெச்சிக்கிறியே, அத்த எடுத்துடும்மா. வேற யாருனா படிச்சிட்டு எறங்கிடப் போறாங்க."

ஆற்றில் வெறும் மணல் கிடந்த கோடையில், 'பயப்படாமல் இறங்கலாம், சுற்றிப் போக வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். பவர்லூம் ஓட்டும் அவர் கணவர் அதை நம்பி, பைக்கோடு வெள்ளத்தில் இறங்கிவிட்டார். ஒரு முள்மரத்தைப் பிடித்து உயிர் தப்பியிருக்கிறார். வண்டியும் போனும் போயின. வலது கை ஒடிந்துவிட்டது. விடிந்ததும் முதல் வேலையாக மனைவியை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி, நோட்டீஸில் இருந்த என் நம்பரைப் பார்த்துவரச் சொன்னாராம்.

உடனே குறிப்பை அழித்துவிட்டு நகரிக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அழத்தான் முடிந்தது.

"தண்ணியப் பாத்துட்டு நின்னுக்கினுதான் இருந்தேன். போலாம்னு நீ எழுதியிருந்த, எறங்கிட்டேன்" என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பிறகு பஸ் ஸ்டாண்டுக் குறிப்பைப் பற்றிக் கேட்டார். இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அதில் புலம்பியிருந்தேன்.

"இந்த ஊர்ல ஒண்டியாவா இருக்கிற? எதுனா துன்னியா?"

அவர் மனைவி டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து என்னிடம் நீட்டினார். திருப்பதிக்கு வந்த பிறகு, சாப்பிட்டாயா என்று என்னை யாரும் நேரில் கேட்டதில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அவர் மறுபடி தறிக்குப் போக நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவந்தேன். ஆப்பில் எந்தக் குறிப்பும் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி மாற்றினேன். இன்றும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒவ்வொரு வரி எழுதும்போதும், நான் இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் அங்கே வந்து நின்று என்னை நம்பக்கூடும் என்ற நினைப்பு வந்து என் விரலைப் பிடித்து நிறுத்துகிறது.