மாயக்காவுக்கு நான் மாற்றிச் சொன்ன முடிவு

மாயக்கா இறந்துவிட்டார். வியாழக்கிழமை, மலை மேலே, எஸ்டேட்டில். மலைக்காய்ச்சல்.

நேற்றுதான் அப்பா சொன்னார்... அதற்குள் அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

நான்காம் பார வகுப்புத் தோழிகளே, நம் கையெழுத்து இதழுக்கு இந்த மாதம் 'எனக்குப் பிடித்த எழுத்தாளர்' எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் மாயக்காவை விட்டுவிட்டு அந்த எழுத்தாளரைப் பற்றி இனி என்னால் எழுத முடியாது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. வாசகசாலையில் எடுத்த அந்தப் புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. யாரோ பழுப்புக் காகிதம் ஒட்டி 'ஸ்பானிய மொழிக் கதைகள்' என்று மையால் எழுதியிருந்தார்கள்.

எல்லாம் ஒரே ஆள் எழுதியவை என்பது படித்தாலே தெரியும். யாரும் அழுததாக எழுதமாட்டார். ஒருத்தி பானை கழுவுவதை எழுதுவார்... அழுவது நாம்தான்.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அவர் வேலை பார்க்கும், மூட்டைகள் அடுக்கிய ஏலக்காய்க் கிட்டங்கியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்குவார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி.

வேலை நேரத்தில் பேசக்கூடாது. பேசினால் கை நின்றுவிடும் என்பார் மேஸ்திரி. கதை கேட்டால் கை நிற்காது என்று அவரிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வரிசையில் இருந்த மாயக்காதான். அந்தப் புத்தகத்தோடு என்னை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, "ம்... படி ஆத்தா" என்றார்.

கோவேறு கழுதையில் லோடு ஏற்றி மலை தாண்டிப் போகும் ஒருவனின் கதை. அடைமழைக் காலம். போனவன் திரும்பவில்லை. வீட்டில் மனைவி மட்டும்.

"இத எழுதுன ஆளு நம்ம முந்தல் மலை ஏத்தத்துல நடந்திருக்காராத்தா?" என்றார் மாயக்கா.

"இல்லக்கா. அவரு ஊரு கடலுக்கு அங்கிட்டு."

"பெறகு எப்படி வழுக்குப் பாறையெல்லாம் இம்புட்டுச் சரியாச் சொல்றாரு?"

"ஒம் புருசன்தான் சொல்லிவிட்டிருப்பாரு!" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மாயக்காவும் சிரித்தார்... கொஞ்சம் தாமதமாக.

அவர் வீட்டுக்காரர் மொக்கையண்ணன் அப்போது மலையில் காய் எடுக்கப் போயிருந்தார். ஒரு மாதமாக ஒரு தகவலும் இல்லை. இறங்கி வந்தவர்கள், கூலியாட்கள் தங்கும் லயத்து வீடுகளில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடப்பதாகச் சொன்னார்கள்.

கதையின் முடிவை நான் வீட்டிலேயே படித்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை மாயக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை வாசிக்க வாய் வரவில்லை.

புத்தகத்தைப் பார்த்தபடியே நானாக ஒரு முடிவைச் சொன்னேன். மனைவி மலையேறிப் போகிறாள், பாதி வழியில் ஒரு குடிசையில் அவன் படுத்துக் கிடக்கிறான், தோளைப் பிடித்துக் கூட்டி வருகிறாள்...

"நெசமாவே இப்படித்தான் எழுதியிருக்காரா?" என்றார் மாயக்கா.

"ஆமாக்கா" என்றேன்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. "போயிக் கூட்டியாந்திர்றேண்ணே, வெரசா வந்துருவேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப் போன லாரியில் போய்விட்டார்.

மொக்கையண்ணன் உயிரோடுதான் இருந்தார். கொயினா மருந்து கொடுத்து, கஞ்சி ஊற்றி, மூன்று வாரத்தில் எழுப்பி உட்காரவைத்திருக்கிறார் மாயக்கா. அண்ணன் எழுந்த பிறகு அவர் படுத்துவிட்டார்.

இன்று காலை மொக்கையண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாருடையதோ ஒரு கம்பளிச் சட்டை, அதற்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தார்.

"அந்தக் கதையக் கொஞ்சம் படிச்சுக் காட்டு பாப்பா. புருசனத் தேடிப் போற பொம்பள கதை. லயம் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா."

அவருக்கும் எழுத்துத் தெரியாது. இன்னொரு முறையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன்.

"அவ சொன்னது இது இல்லியே?"

"நான்தாண்ணே மாத்திச் சொன்னேன்... அதக் கேட்டுத்தான் அக்கா மேல வந்தாங்க."

அவர் கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியும் பாப்பா. 'அந்தப் புள்ள கடைசியில ஏட்டத் திருப்பாமயே படிச்சுச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சா."

ஆயிரம் காயில் ஒரு வெடித்த காயைக் கண்டுபிடிக்கிற கண் அது... நான் மறந்துவிட்டேன்.

"கடைசியா என்னமோ மாவு அளந்தாள்னு வந்துச்சே. அத இன்னொருக்காப் படி" என்றார். படித்தேன். எழுந்து போய்விட்டார்.

மாயக்கா, நான் திருப்பாமல் விட்ட பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்.

கழுதை மட்டும் வந்தது. அவள் மூட்டையை இறக்கினாள். அதற்குத் தண்ணீர் காட்டினாள். இரண்டு பேருக்கு மாவு அளந்தாள். பிறகு ஒரு பங்கைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.

போய் வாருங்கள் அக்கா.