வானத்துக்கான கல்

கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் அச்சகத்தின் பின்கட்டில் அவருக்கு ஒரே வேலைதான்: அச்சடித்து முடித்த கற்களைத் தேய்ப்பது. மணலும் தண்ணீரும் தெளித்து ஒரு கல்லின் மேல் இன்னொன்றை வைத்துச் சுழற்றினால் பழைய படம் அழியும். கல் அடுத்த படத்துக்குத் தயார். எல்லோரும் அவரைக் கல்லுக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு வருடம், கைகோத்து ஓடும் ஐந்து பிள்ளைகளின் வண்ணப் படத்தை அங்கே அச்சிட்டார்கள். ஓவியருக்கு முன்னால் நின்றவர்களில் கல்லுக்காரரின் மகளும் ஒருத்தி. ஓடுவதாகக் காட்ட, அவளை அரைநாள் அசையாமல் நிற்க வைத்தார்கள். படத்தை ரசிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

நிறத்துக்கு ஒன்றாக ஆறு கற்கள். தாள்கள் கட்டுக்கட்டாக வெளியூர் போனபின் ஐந்தை அவரே தேய்த்தார். மகள்தான் வீட்டில் இருக்கிறாளே, ஒன்றும் தோன்றவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோனாள்.

“அந்தப் படத்துல ஒண்ணு கொண்டாந்து குடுங்க. அவ மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டே வருது” என்றாள் மனைவி.

மிச்சமிருந்தது நீலக் கல் மட்டும். அதையும் மறுநாள் தேய்த்து, சோப்பு உறை அச்சிடக் கொடுத்தாக வேண்டும்.

“என்னண்ணே, கல்லைத் தேய்க்காம கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க?” என்றான் மெஷின்காரன்.

“ஒரே ஒரு தாள் போட்டுக் குடு தம்பி.”

“முதலாளி பாத்தா அடுத்த தாளு என் தோலுதான்.”

“எம் பொண்ணு இதுல இருக்கா.”

மெஷின்காரன் மையை எடுத்தான்.

நீலம் வானத்துக்கு உரியது. பிள்ளைகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் தாளில் வெறும் வெள்ளை.

மனைவி அதை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தாள். “எங்கங்க அவ?”

“இந்த வெள்ளையெல்லாம் பிள்ளைங்கதான்.”

“அதுல எது நம்ம புள்ள?”

மற்றக் கற்களில் மகளை இடது ஓரத்தில் பார்த்த நினைவு. அங்கே விரலை வைத்தார். மனைவி அந்த வெள்ளையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாதிக் கல் தேய்ந்த பிறகுதான் அவர் கை நின்றது. கல்லில் இருப்பது தாளில் இடம் வலம் மாறி விழும். தெரியாத விஷயமல்ல, ஆனால் காலமெல்லாம் கல்லையே பார்த்த கண். தாளில் மகள் இருந்தது வலது ஓரத்தில்.

வீட்டுக்குப் போனபோது தாள் சுவரில் ஒட்டியிருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அடுப்பு எரிந்தது.

“நேத்துதாங்க கொஞ்சம் கண்ணசந்தேன்” என்றவள் இடது ஓரத்தைக் காட்டினாள். “பாருங்க, கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறா. அவ அப்படித்தானே நிப்பா?”

யாருடைய பிள்ளையோ.

“ஆமா, அவளேதான்” என்றார் கல்லுக்காரர்.

அதன்பின் அந்தச் சுவருக்கு எதிரே உட்காரும்போதெல்லாம் அவரும் இடது ஓரத்தையே பார்க்க வேண்டியிருந்தது. கண் வலப்பக்கம் போனால் மனைவி ஏனென்று கேட்பாள்.