பாலாயியை ஆராய்ந்தவள்

ஈப்போவில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிற வேலை பிரமிளாவுக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைப்பாள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களிடம், இன்றைக்குச் சூடாக எதுவும் குடிக்காதீர்கள் என்று தமிழிலும் மலாயிலும் அரைகுறைக் கான்டனீஸ் சீனத்திலும் சொல்லி அனுப்புவாள். ஆளில்லாத நேரத்தில் மேசைக்கு அடியில் மாயாஜால நாவல் படிப்பாள். பறக்கும் பாம்பு, பேசும் மரம், பாதாளத்தில் ஓடும் ஆறு, எதுவானாலும் சரி. கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக அவள் அழுது யாரும் பார்த்ததும் இல்லை. நாற்பதை நெருங்கும்போது என்ன தோன்றியதோ, தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். வாரக் கடைசியில் ரயிலேறிப் போய்வந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம், "இந்தக் காலத்து மிகுபுனைவு நாவல்கள்ல புராணக் கூறுகள்" என்பாள். கேட்டவர்கள் உடனே சாப்பிட்டாயா என்று விசாரிப்பார்கள்.

அவள் எடுத்துக்கொண்ட நாவலை எழுதியவர் தனேஸ்வரன். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர். ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஒரு பழைய பால்மரம். மரத்துக்குள் பாலாயி என்றொரு தெய்வம். வெள்ளைக்கார துரை மரத்தை வெட்டச் சொல்கிறான். கோடரி விழுந்த இடத்தில் பாலுக்குப் பதில் ரத்தம் கொட்டுகிறது. பாலாயி எழுந்து, தோட்டத்துப் பிள்ளைகளை மரத்தின் காயத்துக்குள் அழைத்துக்கொண்டு கீழுலகம் போகிறாள். அதற்கப்புறம் போர், சாபம், பறக்கும் குதிரை எல்லாம் உண்டு. நாவல் கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. பள்ளிக்கூடங்களில் நாடகமாகப் போட்டார்கள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பிரமிளாவும் நிம்மதியாகப் பட்டம் வாங்கியிருப்பாள். ஈப்போவை அடுத்த செமோருக்கு உள்ளே, அவள் பிறந்த மூங்கித் தோட்டத்தில், ஒரு பால்மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் போனபோது பார்த்த அதைத்தான் தனேஸ்வரன் தன் கதைக்கு வைத்துக்கொண்டார். நாவலைப் படித்தவர்கள் மரத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி பால் கொண்டுவந்து ஊற்றினாள். இன்னொருத்தி பட்டுத் துணி சாத்தினாள். தகரக் கூரை வந்தது, மணி வந்தது, சுவரில் கதை ஓவியமாக வந்தது. தோட்டம் மூடி, சனங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்குக் குடிபோன பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த கல்லுக்கு, ஆடி மாதத்தில் வரிசை பிடித்து நின்றது கூட்டம்.

கோயில் தலைவர் வேறு யாருமல்ல, பிரமிளாவின் அண்ணன் கார்த்திகேசு. நாவலை அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. ஆனால் கதையை அவரைப்போலச் சொல்ல ஆளில்லை. "ரத்தம் வந்தத எங்க பெரியப்பா கண்ணால பார்த்தாருலா" என்று ஆரம்பிப்பார். பெரியப்பா பிறந்த வருசத்தையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணி பாப்பாவுக்கோ பாலாயி வெறும் கதையே இல்லை. மகன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கும் அந்த மரத்துக்குமாக நடையாய் நடந்தவள் அவள். பையன் கண் விழித்தான். அதற்குமேல் அவளுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை.

ஆராய்ச்சிக்காரிக்கு இது வாழ்நாளில் ஒருமுறை அடிக்கும் அதிர்ஷ்டம். புராணம் எப்படிப் பிறக்கிறது என்று ஏட்டில் படித்தது கண்ணெதிரே நடக்கிறது. தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்த பழைய ஆட்களையெல்லாம் தேடிப்போய்க் கேட்டாள். "ஏதோ முனிதாம்மா, பேரெல்லாம் தெரியாது" என்றார்கள். பாலாயி என்ற பேரை நாவலுக்கு முன்னால் கேட்டவர் ஒருவரும் இல்லை. அதை அப்படியே எழுதினாள். பல்கலைக்கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்தது. மேலே 'பாலாயி: ஒரு தொன்மத்தின் பிறப்பு' என்று தலைப்பு, அதற்குக் கீழே அவள் பெயர், பக்கத்தில் கோயில் படம். அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நிலத்தை வாங்கிய கம்பெனி வீடு கட்ட வந்தது. அவர்கள் பேச்சு தெளிவாக இருந்தது. தோட்டக் காலத்துக் கோயிலென்றால் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவோம். பிற்பாடு முளைத்ததென்றால் நகர்த்தத்தான் வேண்டும். பழசு என்பதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள்.

கார்த்திகேசுவின் வீட்டில் ஆதாரத்துக்கா பஞ்சம்? தங்கச்சியின் கட்டுரையைப் போட்டோஸ்டேட் எடுத்தார். நல்ல காரியத்துக்குப் போகிற எதுவும் முதலில் சாமி காலடிக்குப் போகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கு மனு, பையனின் பரீட்சைச் சீட்டு எல்லாம் அப்படித்தான் போயிருக்கின்றன. கட்டுரையையும் வெற்றிலைமேல் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கம்பெனி ஆப்பீசில் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகுதான் கிளினிக்குக்குப் போன் செய்தார்.

"கொடுத்துட்டேன்மா. இனி அம்மாவ ஒருத்தனும் அசைக்க முடியாது."

பிரமிளா பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, படிச்சுப் பார்த்தீங்களா?"

"படிக்கணுமா? உன் பேரு இருக்கு, அம்மா பேரு இருக்கு, கோயில் படம் இருக்கு. வேற என்னா வேணும்?"

"அதுல கோயில் புதுசுன்னு இருக்குண்ணே. கதை நாவல்லேருந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கேன்."

அண்ணன் சிரித்தார். "சும்மா இரு லா. நீ அம்மாவப் பத்திக் கெட்டதா எழுதுவியா?"

அன்று சாயங்காலமே போய்க் கெஞ்சினாள். திரும்ப வாங்கிவிடுங்கள் என்றாள். சாமி காலடியில் வைத்து எடுத்ததைத் திரும்பக் கேட்பது அபசகுனம் என்று அவர் மறுத்துவிட்டார். அவளே கம்பெனிக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் மிக மரியாதையாக, கோப்பு மேலே போய்விட்டது என்றாள். தனேஸ்வரனுக்குப் போன் செய்தாள். பாவம், அந்த மனுஷனும் நொந்துபோயிருந்தார். "முன்னுரையிலயே எல்லாம் கற்பனைன்னு போட்டிருக்கேன் மிஸ். முன்னுரைய யாரு படிக்கிறா?" என்றார்.

பாப்பா அண்ணி மட்டும் கோபப்படவில்லை. காப்பி கலந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீதான எழுதுன? இன்னொன்னு எழுதிக் கொடுத்துடேன். பழைய கோயில்னு."

எழுதத்தான் உட்கார்ந்தாள். எழுத்து வந்தது, பொய் வரவில்லை. கல் பழசு என்று எழுதலாம், அது உண்மை. அங்கே யாரோ எப்போதோ எதையோ கும்பிட்டார்கள் என்று எழுதலாம், அதுவும் உண்மை. பாலாயியை எழுத முடியவில்லை. எழுதினாலும் கம்பெனிக்காரன் முதல் கட்டுரையைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பான். தன் கையால் போட்ட முடிச்சு தன் கைக்கே அவிழவில்லையே என்று அவளுக்கு அழுகை அழுகையாய் வந்தது.

தாமான் மண்டபத்தில் கூட்டம் கூடியது. கம்பெனியின் வக்கீல் தமிழர்தான். குங்குமம் பட்ட தாளை விரல் படாமல் பிடித்துக்கொண்டு நிதானமாக வாசித்தார். "இத்தெய்வத்தைப் பற்றிய கதை எதுவும் மேற்கண்ட புதினத்துக்கு முன் இத்தோட்டத்தில் வழங்கியதற்குச் சான்றில்லை." வாசித்துவிட்டு, "இது நீங்களே கொடுத்த ஆதாரம்" என்றார்.

மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. பிரமிளா எழுந்தாள். "சார், அடுத்த வரியையும் வாசிங்க."

அவர் வாசித்தார். "ஆயினும், வணங்குவோரின் துயரத்துக்கு விடை தந்த நாளிலிருந்து அது கதையாக இல்லை, எல்லாப் பழைய தெய்வங்களும் ஒரு நாள் புதிதாக இருந்தவையே." தாளை மடித்தார். "அழகா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா எங்களுக்குத் தேவையானது முதல் வரிதான்."

கார்த்திகேசு வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாமென்று இருந்தது.

கல்லைத் தாமானுக்குப் பின்னால், பெரிய சாக்கடையோரம் ஒதுக்கிய இடத்துக்குத் தூக்கினார்கள். மரத்தை வெட்டிய அன்று பிரமிளா லீவு போட்டுவிட்டு வந்து தூர நின்றாள். இயந்திர வாள் பட்டையைத் தொட்டபோது, தான் எழுதியதெல்லாம் பொய்யாகப் போகட்டும், பட்டம் போனால் போகட்டும், ரத்தம் வரட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். பால்தான் வந்தது. எந்தப் பால்மரத்திலும் வருகிற வெள்ளைப் பால்.

அதற்குப்பின் அண்ணன் வீட்டுக்குப் போகிற தைரியம் அவளுக்கு வரவில்லை. பட்டம் கிடைத்தது, விழாவுக்குத் தனியாகப் போய்வந்தாள். அடுத்த ஆடியில் அண்ணிதான் போன் செய்து, "வா, எத்தன நாளைக்கு இப்படி இருப்ப" என்றாள். போனாள்.

புதிய இடத்தில் கூட்டம் முன்னைவிட அதிகமாக இருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பத்துக்கு, குங்குமத் தட்டு வைத்திருந்த ஒரு அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணியோடு நின்ற பிரமிளா காது கொடுத்தாள். கதையிலிருந்து துரை போய்விட்டிருந்தான். அவன் இடத்தில் கம்பெனி வந்திருந்தது.

"மரத்த வெட்டுனப்ப ரத்தம் ஆறா ஓடுச்சு, நானே பார்த்தேன். அம்மா எடம் மாறுனதுக்கு யாரு காரணம் தெரியுமா? இந்தத் தோட்டத்துலயே பொறந்து பெரிய படிப்புப் படிச்ச பொண்ணு ஒருத்தி. அம்மா இல்லவே இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டா. அம்மா சும்மா விடுவாளா? அவ வாயக் கட்டிட்டா. இப்ப அவளுக்குப் பேச்சே வாரதில்லையாம்."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்தப் புராணத்துக்கும் காட்டிக்கொடுக்கிறவள் ஒருத்தி வேண்டும் என்பது பிரமிளாவுக்குத் தெரியும். அதைப் பற்றி அவளால் ஒரு மணி நேரம் பேச முடியும். நான் அப்படி எழுதவில்லை என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். யாரிடம் சொல்வது? சொன்னால் அது கதைக்குள் எங்கே போய் உட்காரும்?

அந்த அம்மா தட்டோடு இவர்கள் பக்கம் திரும்பினாள். பிரமிளாவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "நீ எந்த ஊரும்மா, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று வாஞ்சையாகக் கேட்டாள்.

பிரமிளா வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

பாப்பா அண்ணி குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஈப்போலேருந்து வந்திருக்காங்க" என்றாள். "தெரிஞ்சவங்க."